நீ எடுத்துவிட்ட பக்கம்

நேற்று மத்தியானம் கூட்டேரிப்பட்டில் பேருந்து நின்றதும் ஜன்னல் வழியே அவித்த மல்லாட்டை வாசனை வந்தது. திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு விழுப்புரம் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு பொட்டலம் வாங்கி இரண்டு கடலை உரிப்பதற்குள் உன் ஞாபகம் வந்துவிட்டது. மல்லாட்டை இல்லாமல் உனக்கு மெய்ப்புத் திருத்த வராது. தோலை என் கட்டுரைத் தாள்களின் மேல்தான் போடுவாய். கேட்டால், "இதுக்காவது ஒதவட்டுமே" என்பாய்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னைப் பற்றி எழுத எத்தனையோ முறை உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய சண்டை குறுக்கே வந்து நின்றுகொள்ளும். நேற்று அது தீர்ந்தது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அப்போது நான் மரக்காணம் பக்கம் கிராமச் செவிலியர். நீ திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் டிடிபி சென்டர் வைத்திருந்தாய். கல்யாணப் பத்திரிகைக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவில் நம் மாத இதழின் பக்கங்களை வடிவமைப்பாய். அதில் நீ கவிதை எழுதினாய். வீடு வீடாகப் போகும்போது பார்த்த பெண்களைப் பற்றி நான் மாதம் ஒரு பக்கம் எழுதினேன். உப்பளத்தில் நின்று பாதம் வெடித்தவர்கள், கடலுக்குப் போன படகு திரும்பும்வரை உலை வைக்காதவர்கள். வாசகர் கடிதங்கள் எனக்குத்தான் நிறைய வரும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அந்த நாளில்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். முகையூர்ப் பக்கம் சொந்த நிலம் உள்ள குடும்பத்தில் பிறந்தவள். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு வந்து ஒரு மீனவர் குப்பத்தில் வாடகைக்கு இருந்தாள். அவன் வேன் ஓட்டினான். அவள் உப்பளத்துக்குப் போனாள். கண்ட இடத்தில் வெட்டிப்போடுவேன் என்று அவள் அண்ணன் ஊரறியச் சொல்லியிருந்தார். ஒன்றரை வயது மகளுக்கு நான் ஊசி போடப் போன அன்று, குழந்தை அழுது ஓய்ந்த பிறகு இவள் அழ ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

அன்றைக்கே எழுதிவிட்டேன். அதுவரை நான் எழுதியதிலேயே சிறந்தது அதுதான் என்று தோன்றியது. பெயரை மாற்றினேன். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது: உப்பளம், குப்பம், அவள் இடது முழங்கையில் இருந்த தீத்தழும்பு, கணவனின் வேன்.

இதழ் வந்தது. என் பக்கத்தில் என் கட்டுரை இல்லை. உன் கவிதை இருந்தது. குழந்தைக்குச் செருப்பு சின்னதாகிவிட்டது, நாளைக்குப் புதுசு வாங்க வேண்டும் என்று ஒரு தாய் யோசிக்கிறாள். அவ்வளவுதான் கவிதை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனில் கேட்டேன்.

"இந்த மாசம் அது வேணாம்னு தோணுச்சுடி" என்றாய்.

"ஒன் கவிதைக்கு எடம் வேணும்னு நேரா சொல்லியிருக்கலாமே?"

நீ பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் குற்றத்தின் ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். புதுச்சேரியில் ஒரு நாளிதழுக்கு அனுப்பப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

மறுநாள் நீ வந்தாய். சித்திரை வெயிலில், கடையைப் பூட்டிவிட்டு, பஸ் பிடித்து, நான் வேலை பார்த்த துணை சுகாதார நிலையத்துக்கே வந்துவிட்டாய். ரவிக்கை முதுகெல்லாம் வேர்வை. தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டாய்.

"பேர மாத்திட்ட. கையில இருக்கிற தழும்ப மாத்துனியா? ஒன் பேருக்குக் கீழ மரக்காணம்னு வேற போடுறோம்."

"உண்மைய எழுதாம வேற இன்னாத்த எழுதறது? செருப்பு சின்னதாயிடுச்சுன்னா?"

"அதுவும் உண்மதான்டி. அவளும் பயந்துக்கினே நாளைக்குன்னு ஒண்ண யோசிச்சிக்கினுதான் இருப்பா." கொஞ்சம் மூச்சு வாங்கினாய். "அவ நர்சுகிட்ட சொன்னா. எழுதறவகிட்டயா சொன்னா? அவளுக்குப் படிச்சுக் காட்டுனியா?"

நான் தடுப்பூசிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். நீ அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாய்.

கட்டுரையை அனுப்பவில்லை. நீ சொன்னது புரிந்ததனால் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் வீம்பு: நீ ஒதுக்கியதை வேறு வாசலில் கொண்டுபோய்க் கெஞ்சினேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. மூன்று மாதம் நாம் பேசவில்லை. பிறகு உன் மகன் காய்ச்சலில் கிடந்தபோது நான் வந்தேன், பேசினோம், பழையபடி ஆனோம். அந்தப் பக்கத்தைப் பற்றி மட்டும் இருவரும் வாயே திறக்கவில்லை. உனக்குப் பொறாமை என்ற முள் எனக்குள் ஓர் ஓரத்தில் இருந்துகொண்டேதான் இருந்தது. கடைசி ஐப்பசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுகூட, கேட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நல்லவேளை, கேட்கவில்லை.

நேற்றுக்கு வருகிறேன். கூட்டேரிப்பட்டில் ஏறிய ஒரு பெண் நெற்றி நிறைய விபூதியோடு, மயிலம் கோயில் பிரசாதப் பையோடு, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

"நர்சம்மா தானே? எம் பொண்ணுக்கு ஊசி போட்டீங்களே, குப்பத்துல!"

அவள்தான். பதினாறு வருஷம் ஆகிவிட்டது. இப்போதும் மரக்காணத்தில்தான் இருக்கிறாள். சொந்தமாக இரண்டு வேன். மகள் விழுப்புரத்தில் கல்லூரி முதல் வருஷம். அவளைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தாள். பிறந்த வீட்டைப் பற்றி நானாகக் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"நாலு வருஷம் முன்ன அம்மாவுக்கு முடியாம போச்சு. அண்ணனே தேடிக் கண்டுபுடிச்சு வந்து கூட்டிக்கினு போனாரு. ஆளே மாறிட்டாரும்மா. எம் பொண்ணக் கட்டிப்புடிச்சிக்கினு அழுவுறாரு." பிறகு சிரித்தாள். "அண்ணனுக்கு உரக்கடை. அங்க நீங்க எழுதுன மாசப் பொஸ்தகம் கட்டுக்கட்டா கெடந்துது. ஆரம்பத்துலேருந்தே வாங்குறாராம். ஒங்க பக்கத்ததான் மொதல்ல படிப்பேன்னாரு. எனக்கு ஒரே பெருமை. பேரையும் ஊரையும் பாத்துட்டு, இவங்கள எனக்குத் தெரியும்னேன்."

என் கையிலிருந்த பொட்டலம் மடியில் கொட்டியது. அவள் குனிந்து பொறுக்கிக்கொண்டே தொடர்ந்தாள்.

"ஒருநாள் அண்ணனே சொன்னாரு. நீ எங்க இருக்கேன்னு அந்த வருஷம் மட்டும் தெரிஞ்சிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியாதுன்னாரு."

பேருந்து ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவளிடம் சொல்லிவிட்டேன். அவளைப் பற்றி எழுதினேன், தழும்பு முதற்கொண்டு எழுதினேன், அவளைக் கேட்காமல் எழுதினேன், அது அச்சாகாமல் ஒருத்தி நிறுத்திவிட்டாள் என்று.

அவள் முகம் மாறியது. முந்தானையை இழுத்து முழங்கையை மூடிக்கொண்டாள்.

"யாரும்மா நிறுத்துனது?"

"எங்கூட இருந்த சிநேகிதி. கவிதை எழுதுவா."

"எங்க இருக்காங்க? ஒரு தடவ பாக்கணுமே."

நீ இல்லை என்று சொன்னேன். அவள் பிரசாதப் பையைத் திறந்து, விபூதியை எடுத்து என் நெற்றியில் பூசிவிட்டாள். அப்போதுதான் நான் அழுதேன். துக்கத்தில் அழுததாகத் தோன்றவில்லை. பதினாறு வருஷமாக எங்கோ இறுக்கிப் பிடித்திருந்த ஒன்றை விட்டுவிட்ட மாதிரி இருந்தது.

உனக்குப் பொறாமை இல்லையடி. உன் கவிதையில் ஏன் ஊர் இல்லை, பெயர் இல்லை, செருப்பு மட்டும் இருந்தது என்பது நேற்றுத்தான் எனக்கு எட்டியது. வலியை எழுத எனக்கு வரும். வலிப்பவள் நாளைக்கும் இருக்க வேண்டும் என்ற கவலையோடு எழுத உனக்குத்தான் வந்தது. இப்போது கோலியனூரில் வேலை பார்க்கிறேன், இன்னும் எழுதுகிறேன். யாரைப் பற்றி எழுதினாலும் அவர்களிடம் படித்துக் காட்டாமல் அனுப்புவதில்லை. அந்தச் சித்திரை மத்தியானத்துக்குப் பிறகு வந்த பழக்கம்தான். உன்னிடம் சொன்னதில்லை, வீம்பு.

விழுப்புரத்தில் இறங்கும்போது அவள் என் தோளைத் தொட்டாள்.

"இப்ப எழுதுங்க நர்சம்மா. அவங்களப் பத்தியும் எழுதுங்க. இந்தத் தடவ எம் பேரப் போட்டே எழுதுங்க. எனக்கு இன்னா பயம்?"

இந்த மடலில் இதுவரை அவள் பெயர் இல்லை, கவனித்திருப்பாய். ஞாயிற்றுக்கிழமை இதை எடுத்துக்கொண்டு மரக்காணம் போகிறேன். அவளையும் மகளையும் உட்காரவைத்து முழுவதையும் படித்துக் காட்டுவேன். கேட்டு முடித்த பிறகும் சரி என்றால், அங்கேயே பேனாவை அவளிடம் கொடுத்துவிடுவேன். பெயரை அவளே எழுதட்டும்.