முதல் மண்வெட்டு

களிமண் பலகையே, நகரத்து வாய்க்கால் கண்காணிப்பாளர் வீட்டில் என் தம்பி ஊர்மேஸ் இருப்பான். அவன் கைக்குப் போய்ச் சேர்ந்ததும் இதைச் சொல்: உன் அக்கா நின்ஹேது பேசுகிறேன். உன்னைக் காக்கும் தெய்வம் உன் பக்கத்திலேயே நிற்கட்டும். அம்மாவும் நானும் நலம்.

நீ கண்காணிப்பாளருக்கு உதவியாளன் ஆகிவிட்டாய் என்று படகுக்காரர் ஷேஷ்கலா சொன்னார். உன் கம்பளி உடைக்கு நீலக் குஞ்சம் வைத்த விளிம்பு தைத்திருக்கிறார்களாமே. அம்மா அதைக் கேட்டதிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் வெங்காயம் கடன் கேட்கப் போகிறாள். வெங்காயம் வீட்டில் நிறையவே இருக்கிறது. குஞ்சத்தைப் பற்றிச் சொல்ல ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான்.

ஆடு இரண்டு குட்டி போட்டது. கூரைக்குப் புது நாணல் பாய் போட்டோம். இந்தத் தடவை வயலில் உப்புப் பூக்கவில்லை. வாற்கோதுமை இடுப்புக்கு மேல் நிற்கிறது, கதிர் மஞ்சளாகத் தொடங்கிவிட்டது. அப்பா செத்ததற்குப் பிறகு இப்படி ஒரு விளைச்சலை நான் பார்த்ததில்லை.

ஆனால் ஆறு முன்கூட்டியே சிவந்துவிட்டது. வடக்கே மலையில் பனி சீக்கிரம் உருகிவிட்டதாம். கதிர் முற்றும் நேரம் பார்த்துப் பெருகுவதுதானே இந்த ஆற்றின் புத்தி. போன வாரம் கண்காணிப்பாளர் லுகல்கூசு ஆட்களோடு வந்தார். வளைவில், நம் வயல் தொடங்கும் இடத்தில், கரைமேல் முளைக்குச்சி அடித்துவிட்டுப் போனார். தண்ணீர் நகரத்துச் சுவரைத் தொடும்போல இருந்தால் இங்கே கரையை வெட்டுவார்களாம். வெள்ளம் நம் ஊருக்குள் பாயும், நகரம் தப்பிக்கும்.

ஊர்ப் பெரியவர்கள் ஒன்றும் பயப்படவில்லை. அவர்கள் வழக்கத்தை நம்பினார்கள். கரையில் முதல் மண்வெட்டு அந்த மண்ணில் பிறந்தவன் கையால் விழ வேண்டும், வேறு ஆள் வெட்டினால் ஆறு அவன் வீட்டைத் தேடிப் போகும், இது நகரத்தில் கல் சுமப்பவனுக்கும் தெரியும். எங்களில் ஒருவனும் மண்வெட்டியைத் தொடமாட்டான் என்று பெரியவர்கள் சொன்னார்கள். லுகல்கூசு சிரித்தார். “நீங்க ஏன் தொடணும்? உங்க ஊர்ப் பையன் எங்க வீட்டுல நல்லா தின்னு கொழுத்துட்டு இருக்கான். அவன் வந்து வெட்டுவான்” என்றார்.

தம்பி, உனக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். நீர்மட்டம் பார்க்கத் தெரிந்தவர்கள் நகரத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களையெல்லாம் விட்டுவிட்டு உன்னைத் தூக்கி வைத்தது உன் அறிவுக்காக இல்லை. நீ பிறந்த இடத்துக்காக.

கீழ்க்கரை ஊரை இப்படித்தானே மூழ்கடித்தார்கள். அந்த ஊர்ப் பெண்கள் இன்று கோயில் நெசவுக்கூடத்தில் அளந்து போடும் மாவுக்காக வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் நிலம் இப்போது கோயில் நிலம். நகரம் நாளுக்கு நாள் உயர்கிறது என்று ஷேஷ்கலா வாயைப் பிளக்கிறார். எவன் மண்ணை எடுத்து உயர்கிறது என்று நான் கேட்டால், இந்தப் பெண்ணுக்கு வாய் நீளம் என்கிறார்.

வராதே. காய்ச்சல் என்று சொல். காலை உடைத்துக்கொள்ள வேண்டுமானாலும் உடைத்துக்கொள். அம்மாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அவள் குஞ்சத்தோடு இருக்கட்டும். தெய்வம் உனக்கு நல்ல புத்தி கொடுக்கட்டும்.

*

பலகையே, நகரத்துச் செங்கல் களத்துக்குப் போ. அங்கே செங்கல் அறுக்கும் ஊர்மேஸ் என்பவனைத் தேடு. பேசுவது யார் என்று கேட்டால், ஆற்றின் வளைவில் இருக்கும் ஒருத்தி என்று மட்டும் சொல்.

தம்பி என்று உன்னை அழைக்கக் கூடாது. அழைத்துவிட்டேன். மண் ஈரமாகத்தான் இருக்கிறது, தேய்த்து அழித்திருக்கலாம். மனம் வரவில்லை.

உன்னைச் செங்கல் களத்துக்குத் தள்ளிவிட்டார்கள் என்று ஷேஷ்கலா சொன்னார். உள்ளங்கை வெடித்திருக்கிறதாம். எள்ளெண்ணெய் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அவர் அதை விற்றுக் குடிக்காமல் கொண்டுவந்து சேர்த்தால் தடவிக்கொள்.

வராதே என்று எழுதினேன், நீ வந்தாய். வரமாட்டேன் என்று சொன்னவனுக்கு அங்கே என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரிந்ததுதான். அதனால் உன்னை ஏசப்போவதில்லை. ஆனால் அன்று நீ தலை நிமிரவே இல்லையே, உனக்குப் பின்னால் என்ன நடந்தது என்று நீ பார்த்திருக்கமாட்டாய். அதைச் சொல்லத்தான் இந்தப் பலகை.

படகிலிருந்து நீ மண்வெட்டியோடு இறங்கியபோது ஊரே கரைமேல் நின்றது. நகரத்துக் கூலியாட்கள் கூடைகளோடு உன் பின்னால் நின்றார்கள். இரண்டு பேர் தெய்வத்தின் கொடிக்கம்பத்தை நட்டுப் பிடித்திருந்தார்கள். நம் வயலில் பாதிதான் அறுத்திருந்தோம். உன்னோடு ஓடிப்பிடித்து விளையாடியவன்தான் முதலில் கல்லை எடுத்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அம்மா மாவு பிசைந்த கையோடு, இடுப்பில் அரிவாளோடு வந்தாள். அவளைப் பார்த்ததும் லுகல்கூசு, “வாம்மா, உன் மகனைப் பார்த்தியா, எப்படி வளர்ந்துட்டான்” என்றார்.

“யாரு, இவனா?” என்றாள் அம்மா. “எம் மகன் ஊருக்கு வந்தா நேரா அடுப்படிக்கு வருவான். மண்வெட்டியத் தூக்கிட்டுக் கரைக்கு வரமாட்டான். இவன் யாரோ.”

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். உன் உடையின் விளிம்பைப் பிடித்து இழுத்து அரிவாளால் அறுத்தாள். கொடிக்கம்பத்தின் முன்னால் எல்லோருக்கும் கேட்கும்படி, “நீ என் மகன் இல்ல. நான் உன் அம்மா இல்ல” என்றாள். முறைப்படி துணியை ஆற்றில் எறிந்தாள். விளிம்பை ஆறு வாங்கிக்கொண்டால் உனக்கும் பிறந்த மண்ணுக்கும் உறவு அறுந்தது என்றுதானே கணக்கு. நீ மண்வெட்டியைக் கீழே வைத்தாய். அவள் என்ன செய்கிறாள் என்று அந்த நேரத்தில் உனக்குப் புரிந்ததா, இல்லையா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

உன்னைப் படகில் தள்ளிய பிறகு லுகல்கூசு கூலியாட்களைப் பார்த்துக் கத்தினார். ஒருவனும் அசையவில்லை. அதில் ஒருவன், “ஊரு பேரு இல்லாதவன் கையால வெட்டி, ஆறு எங்க வீட்டுக்கு வரவா?” என்று கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. கடைசியில் எதிர்க்கரைக்குப் போய்க் கோயில் பேரீச்சந்தோப்பில் வெட்டினார்கள். முதல் மண்வெட்டு அந்தத் தோப்பிலேயே அடிமையாகப் பிறந்த தோட்டக்காரனுடையது. மரத்தை எல்லாம் வெள்ளம் கொண்டுபோகுமே என்று யாரோ அவனிடம் கேட்டதற்கு, “போகட்டுமே, இதுல ஒரு மட்டையாவது என்னோடதா?” என்றானாம். அவனைப் போல உற்சாகமாக யாரும் மண் வெட்டி நான் பார்த்ததில்லை.

அறுவடையை முடித்துவிட்டோம். கோயில் பங்கை ஒரு கைப்பிடிகூடக் குறைக்காமல் வாங்கிப்போனார்கள். மிச்சத்தில் அடுத்த விதைப்புவரை சாப்பிடலாம். ஊரில் எல்லா அடுப்பும் எரிகிறது. அந்த அடுப்பில் சுட்ட ரொட்டியைத் தின்றுகொண்டே சில பெண்கள் அம்மாவைக் கல்நெஞ்சுக்காரி என்கிறார்கள். அவர்களோடு இரண்டு தடவை சண்டை போட்டுவிட்டேன். அம்மா இப்போது வெங்காயம் கேட்கவும் எங்கேயும் போவதில்லை.

நீ வரலாமா என்று ஷேஷ்கலா மூலம் கேட்டனுப்பியிருந்தாய். வரக் கூடாது. அம்மா உன்னை வீட்டுக்குள் சேர்த்தால் நீ மறுபடியும் இந்த மண்ணின் பிள்ளை ஆகிவிடுவாய். அடுத்த வெள்ளத்தில் உன் கையில் மறுபடியும் மண்வெட்டியைக் கொடுப்பார்கள். இந்த ஆற்றில் வெள்ளம் வராத வருடம் இல்லை. நீ வரக்கூடிய வருடமும் இல்லை. அவர்கள் சுவர் நனையாமல் இருக்க நமக்குள் ஒரு சுவர் வேண்டியிருக்கிறது. இதை எழுதும்போது எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

இன்னொன்று. நேற்று மாவுச் சாடியை நகர்த்தினேன். அடியில் நீலக் குஞ்சம் வைத்த விளிம்புத் துணி மடித்து இருந்தது. அரிவாளால் அறுத்த துணி. அம்மாவின் பழைய உடையை எடுத்துப் பார்த்தேன். அதில் ஓரம் ஒரு சாண் கிழிந்திருந்தது. நான் சொல்லாமலேயே எல்லாம் தெரிந்துகொண்டு, காலையிலேயே கிழித்து உள்ளங்கையில் ஒளித்துக்கொண்டுதான் கரைக்கு வந்திருக்கிறாள். அன்று ஆற்றில் எறிந்தது உன் துணியை இல்லை, தன்னுடையதை. நான் கேட்கவில்லை. துணியை மடித்து அங்கேயே வைத்துவிட்டேன். ஊருக்கு முன்னால் நீ அவள் மகன் இல்லை. ஆற்றிடம் அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை.

இது வெளியே தெரிந்தால் எல்லாம் பாழ். படித்ததும் பலகையைத் தண்ணீரில் போட்டுக் கரைத்துவிடு.

தினமும் பொழுது சாயும்போது அம்மா வளைவுக்குப் போகிறாள். குடம் நிரப்புவதுபோலக் குனிந்து, இரண்டு கையையும் தண்ணீரில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். வெறுங்குடத்தோடு திரும்பி வருகிறாள். இங்கிருந்து போகும் தண்ணீர் உங்கள் துறையைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. களத்து வேலை முடிந்ததும் நீ துறைக்குப் போ. அந்தத் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவிக்கொள். தலையிலும் கொஞ்சம் தெளித்துக்கொள்.

நீ நன்றாக இரு.