பிள்ளையாரை நகர்த்தியவனுக்கு

இன்று காலை பகாவ் சாலையில் எனக்கு முன்னால், ரப்பர் பால் உறைந்த கட்டிப்பால் ஏற்றிய லாரி ஒன்று போனது. கண்ணாடியை ஏற்றியிருந்தும் ரப்பர் நாற்றம் உள்ளே வந்துவிட்டது. பால்மரத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு அது பழகிய நாற்றம்தான். ஆனாலும் எனக்குத் தோட்டம் நினைவுக்கு வரவில்லை. யாரோ ஒருவருடைய காரின் பின்பெட்டிக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்துக்கொண்டிருந்த உன் முதுகுதான் நினைவுக்கு வந்தது.

நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இருந்தவரைக்கும் உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. பதினோரு வருடம் பேசாமலே இருந்தவன் என்ன எழுதியிருக்கப் போகிறேன்?

ஒரே தோட்டத்து லயத்தில் அடுத்தடுத்த வீடு, ஒரே வகுப்பு. நான் பல்கலைக்கழகம் போய் வாத்தியாரானேன், நீ லாரி ஓட்டினாய். கோயில் நிர்வாகத் தேர்தலில் நான் தலைவர் பதவிக்கு நின்றபோது, எண்ணிப் பார்க்காமலே எனக்குரியது என்று வைத்திருந்த ஓட்டு உன்னுடையது. நீ எழுந்து நின்று, “வாத்தியாருக்குப் படிப்பு இருக்கு. பொறுமதான் இல்ல லா” என்றாய். மண்டபமே சிரித்தது. பிறகு மற்றவனுக்குக் கை தூக்கினாய். தலைமையாசிரியர் பதவியை மூன்று முறை எனக்குக் காட்டிவிட்டு வேறு ஆளுக்குக் கொடுத்தவர்களின் பெயர்கள் இன்றும் எனக்கு மனப்பாடம். அந்தப் பட்டியலில் உன் பெயர் அவர்களுக்கும் மேலே இருந்தது.

அன்றோடு உன்னிடம் பேச்சை நிறுத்தினேன். சில வருடம் கழித்து என் மனைவியின் சிறுநீரகம் பழுதானது. வாரம் மூன்று நாள் சிரம்பானுக்குப் போய் ரத்தச் சுத்திகரிப்பு. ஒரு முறை தவறினாலும் கால் வீங்கும், மூச்சு வாங்கும். எங்கள் பழைய கார் அந்த மாதத்திலேயே இரண்டு முறை வழியில் நின்றது. இரண்டாம் முறை, திரும்பி வரும்போது, நடக்கத் தெம்பில்லாமல் அவள் சாலையோரத்துச் செம்பனை மரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தெரியாமல் உனக்குப் போன் செய்திருக்கிறாள்.

மறுநாள் கேட்டுக்கு வெளியே நின்றாய். என் மனைவி உனக்கு எப்போதும் தங்கச்சிதான். “தங்கச்சி வேற காடி பாக்கணும்னு சொல்லிச்சு. நீ எங்கிட்டப் பேச வேணாம். சும்மா கூட வா.”

நான் பேசாமல்தான் வந்தேன்.

கையில் இருந்தது பன்னிரண்டாயிரம் வெள்ளி. அதற்கு மேல் கடன் வாங்கும் நிலையில் நான் இல்லை. முதலில் பகாவில் பார்த்த காரை நான்தான் தேடிப் பிடித்திருந்தேன். விற்பவர் ஓய்வு பெற்ற குமாஸ்தா. நெற்றி நிறைய திருநீறு, சுத்தமான தமிழ். கார் மின்னியது. வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே, கண்ணாடிமேல் ஒரு குட்டிப் பிள்ளையாரை ஒட்டியிருந்தார். எனக்கு மனம் அங்கேயே நிறைந்துவிட்டது. முன்பணத்தை எடுக்கச் சட்டைப் பையில் கையையும் விட்டுவிட்டேன்.

நீ சாவியைப் பாதி திருப்பினாய். முள்ளைச் சுற்றியிருந்த எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்தன. ஒவ்வொன்றாக விரலால் எண்ணினாய். ஒன்று குறைந்தது. மறுபடியும் எண்ணினாய். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, “அப்பனே, ரெண்டு நிமிசம் நவுந்துக்க லா” என்று சொல்லிப் பிள்ளையாரை நகத்தால் பெயர்த்து எடுத்தாய். எனக்கு உடம்பு கூசியது. அடுத்தவர் வண்டியில் சாமியைத் தொடுவதா? நம் ஆட்கள் யாரும் தொடமாட்டார்கள். அதை நம்பித்தான் அவரும் ஒட்டியிருந்தார்.

பிள்ளையார் இருந்த இடத்தில் என்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. வண்டியை உயிர்ப்பித்ததும் அணைந்திருக்க வேண்டும், அணையவில்லை.

“அது சும்மா எரியுதுங்க. சென்சார்தான்” என்றார் பெரியவர்.

“சும்மா எரியறதுக்கு சாமிய எதுக்குங்கய்யா காவலுக்கு வச்சீங்க?” என்றாய்.

திரும்பும் வழியில் பத்து நிமிடம் போல நீ தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தாய். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் சிரிப்பு வந்ததை நீ பார்த்துவிடக் கூடாதே என்றுதான்.

அடுத்தது புக்கிட் பெலண்டோக்கில். பின்பெட்டியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு மோந்தாய். “கட்டிப்பால் ஏத்தியிருக்கான். எத்தன வாசனத் தண்ணி தெளிச்சாலும் போகாது” என்று விரிப்பைத் தூக்கிக் காட்டினாய். பாலில் கலக்கும் ஆசிட் சொட்டிச் சொட்டித் தகரம் சல்லடையாகியிருந்தது. கீழே தரை தெரிந்தது. நீ காசு இல்லாமல் செய்த இந்தச் சோதனை எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது. அந்த நாற்றத்தில்தானே நானும் வளர்ந்தேன்?

மூன்றாவது, இன்னொரு நாள் காலையில், கெமாஸில். இரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருடைய கார். சாயம் வெளுத்து, இடது கதவில் பெரிய நசுங்கல். நீ யாரிடமும் பேசுவதற்கு முன் போனட்டின்மேல் உள்ளங்கையை வைத்தாய். “குளுந்து கெடக்கு. நாம வர்றதுக்கு முன்னாடி சூடாக்கி வைக்கல. யோக்கியமான ஆளு.” காலையில் குளிர்ந்த என்ஜினைத் தட்டும்போதுதான் அதன் நோய் தெரியும் என்றாய். அது ஒரே தட்டில் உயிர்த்தது. எண்ணெய் மாற்றிய ரசீதுகளைப் பெரியவர் பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருந்தார். செம்மண் மேட்டில் என்னையும் அவரையும் ஏற்றிக்கொண்டு, குளிர்சாதனத்தை முழுதாகத் திறந்துவிட்டு, இரண்டு தடவை ஏறி இறங்கினாய். சூடு காட்டும் முள் அசையவில்லை.

அப்போதுதான் அன்று முதல்முறையாக நான் வாய் திறந்தேன். “பாக்க அசிங்கமா இருக்கே. இதுலயா நான் பள்ளிக்கூடம் போறது?”

“ஒனக்கு என்ன கல்யாணமா? தங்கச்சிக்கு ஆஸ்பத்திரி.”

அதையே வாங்கினேன், கையிருப்பில் ஆயிரத்து ஐநூறு மிஞ்சியது. நாலு டயரையும் மாற்றச் சொன்னாய், மாற்றினேன்.

அன்று நான் வாங்கிய காரை ஓட்ட, நீ பக்கத்தில் உட்கார்ந்து வந்தாய். பாதி வழியில் கேட்டேவிட்டேன். “அன்னைக்கு ஏன் எனக்கு எதிராக் கை தூக்குன?”

நீ யோசிக்கவே இல்லை. “நீ தலைவரா வந்திருந்தா ஊரு முழுக்கச் சண்ட போட்டுட்டு நின்னிருப்ப. இப்ப என்னோட மட்டும்தானே.”

நீ சொன்னது நியாயம் என்று எழுத இன்றும் மனம் வரவில்லை. அதன் பிறகு சாலையில் பார்த்தால் தலையசைத்துக்கொண்டோம், அவ்வளவுதான். உன் வீட்டுக்கு நான் வந்தது நீ மார்வலியில் போன அன்றுதான். கூடத்தில் உட்கார்ந்திருந்த பழைய கோயில் நிர்வாகத்தார் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். அவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. உன்னையும்தான் என்று வைத்துக்கொள்.

மூன்று வருடமாக அந்த அசிங்கமான கார் ஒரு நாள்கூட வழியில் நின்றதில்லை. அவளுக்கு ஒரு முறைகூடத் தவறியதில்லை. பழைய காரில் சிகிச்சை முடிந்து திரும்பும்போது, எவ்வளவு சோர்ந்திருந்தாலும் கண்ணை மூடமாட்டாள். என்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வருவாள். இப்போது சிரம்பானைத் தாண்டுவதற்குள் தலை சாய்ந்துவிடுகிறது. இன்றும் அப்படித்தான். வாய் லேசாகத் திறந்திருக்க, கட்டுப் போட்ட கை மடியில் கிடக்க, வீடு வரை தூங்கினாள். வாசலுக்கு வந்த பிறகும் நான் என்ஜினை அணைக்கவில்லை. அணைத்தால் விழித்துவிடுவாள் என்று கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.