குளிர்ந்த சீட்டு

ஹாஸி மெஸ்ஸவூத்
ஜனவரி 9

அன்பு மகள் வஹீபாவுக்கு,

அப்பாவின் ஸலாம். முகாம் சமையலறையில் அடுப்பும் நானும் நலம். "என் பொண்ணு அல்ஜியர்ஸ்ல நிர்வாகப் பள்ளியில படிக்கிறா, பயிற்சிக்கு நம்ம ஊர் நகராட்சிக்கே வந்திருக்கா" என்று நான் சொல்லாத ஆள் இந்த எண்ணெய் வயலில் இல்லை.

போனில் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே நின்று கேட்பாள். அதனால்தான் உன் அலுவலக முகவரிக்கு எழுதுகிறேன். இந்த வருஷமும் நகராட்சி நடத்தும் ஹஜ் பயணக் குலுக்கலுக்கு எங்கள் இருவர் பேரையும் ஒரே சீட்டில் பதிந்திருக்கிறோம். ஒவ்வொரு வருஷமும் யாருக்கோ விழுகிறது. அவள் முட்டிவலி உனக்குத் தெரியும். இன்னும் தள்ளிப்போனால் எப்படியம்மா நடப்பாள்? அங்கே செயலாளராக இருக்கும் புஸீத் என்னோடு பள்ளியில் படித்தவன்தான். அவன் காதில் ஒரு வார்த்தை போட்டு வை.

உன் அப்பா
அம்மார்

ஜனவரி 20

அன்புள்ள அப்பா,

நீங்கள் ஊரெல்லாம் பெருமையடிக்கும் மகளுக்கு இங்கே உட்கார நாற்காலிகூட இல்லை. ஜன்னல் திட்டில் உட்கார்ந்து பிறப்புச் சான்றிதழ் நகல் எடுக்கிறேன். என் பயிற்சிக்கு மதிப்பெண் போடப்போவதும் உங்கள் புஸீத்தான்.

நீங்கள் கேட்டதைச் செய்ய மாட்டேன், அப்பா. சீட்டு எடுக்கும் வேலையையே எனக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். அம்மா ராத்திரி முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகுவதை நான்தான் கேட்கிறேன், நீங்கள் இல்லை. எனக்கு மட்டும் ஆசை இல்லையா? கோபப்படாதீர்கள்.

உங்கள் வஹீபா

பிப்ரவரி 3

அன்புள்ள அப்பா,

நேற்றுக் குலுக்கல் முடிந்தது. நமக்கு விழவில்லை.

மற்றதையும் நானே சொல்லிவிடுகிறேன். மண்டபத்தில் நிற்க இடமில்லை. மேடையேறும்போது புஸீத் சிரித்துக்கொண்டே, "உங்க வீட்டுச் சீட்ட ஐஸ்பெட்டியில வச்சு எடுத்தேன்மா. கைய விட்டா ஜில்லுனு இருக்கும். பயிற்சி முடிஞ்சு போறவளுக்கு என் சீர்னு வச்சுக்கோ" என்றார். விளையாட்டு என்று நினைத்தேன். கையை விட்டேன். ஜில்லென்று ஒன்று விரலில் பட்டது.

அந்த நொடியில் அம்மாவைத்தான் நினைத்தேன், அப்பா. பொய் சொல்ல மாட்டேன். பிடித்தே விட்டேன். பிறகு விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தேன். "இந்தப் பெட்டியில எங்கப்பா அம்மா பேரும் இருக்கு. நான் எடுக்கறது முறையில்ல" என்று ஒலிபெருக்கியில் சொன்னேன். பெட்டியை எல்லார் எதிரிலும் மேஜையில் கவிழ்த்து, கலைத்து, காத்திருந்தேன். "பொண்ணு மாவு பிசையுதா?" என்று யாரோ கிண்டல் செய்தார்கள். எல்லாச் சீட்டும் கைக்கு ஒரே சூடான பிறகுதான் பெட்டியில் போட்டேன். தபால்காரர் மனைவி பஹிய்யாவைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னேன்.

புஸீத் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று அவர் போட்ட மதிப்பெண்ணும் கடைசி வரம்புதான், தேறிவிட்டேன், அவ்வளவே. அம்மாவிடம் ஐஸ்பெட்டி கதையைச் சொல்லவில்லை. உங்களிடம் மறைக்க முடியவில்லை.

உங்கள் வஹீபா

ஹாஸி மெஸ்ஸவூத்
பிப்ரவரி 17

என் கண்ணே வஹீபா,

கடிதம் வந்த அன்று சூப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுத் திட்டு வாங்கினேன். கையில் வந்ததை விட்டாளே என்று உன்மேல் கோபம்தான் வந்தது. உண்மையைச் சொல்கிறேன்.

மறுநாள் நம் ஊர் வெல்டர் ஸாலிஹ் சமையலறைக்குள் ஓடிவந்து என் நெற்றியில் முத்தமிட்டான். சீட்டு அவன் அம்மாவுக்கு விழுந்திருக்கிறது. "சிபாரிசுக்கு ஆள் இல்லாத வீடுண்ணே எங்க வீடு. எங்கம்மா இன்னும் நம்பாம அழுதுகிட்டே இருக்கா" என்றான். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாருக்கும் நீ பெட்டியைக் கவிழ்த்த கதையைச் சொன்னான். ஒருவன், "பெத்தவங்களுக்கே உதவாத பொண்ணு எதுக்குய்யா?" என்றான். பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் ஒரான் நகரத்துக்காரன் ஒருவன் எழுந்து, "அந்தப் பொண்ண எங்க ஊருக்குப் பயிற்சிக்கு அனுப்புவாங்களா, கேட்டுச் சொல்லுங்க" என்றான். தாயே, நான் கரண்டியை வைத்துவிட்டு வெளியே போய் அழுதேன்.

நேற்று உன் அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டாதே. அவள் கேட்டது இதுதான்: "சீட்டு அவ கையில பட்டுச்சா?"

பட்டது என்றேன்.

"பட்டும் விட்டாளா?"

விட்டாள் என்றேன். போனில் அவள் குலவையிட்ட சத்தத்தில் என் காது இன்னும் அடைத்திருக்கிறது.

உன்னைப் பெற்றவன்
அம்மார்