சும்மா ஜாடி

இன்று காலை மாடிப்படி முழுக்க பிளீச்சிங் பவுடர் நெடி. பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் பையைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினேன். நம் ஃபிளாட்டின் செகரட்டரி மாமா கிணற்றடியில் வாளியோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "மீனையெல்லாம் எடுத்தாச்சும்மா, பதறாதே" என்று ஈரத்துணி போட்டு மூடிய டிரம்மைக் காட்டினார். துணியை விலக்கி எட்டிப் பார்த்தேன். இன்னொரு தலை என் தலையில் இடிக்கவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பில் நீ எங்கள் எதிர்வீட்டுக்கு வந்தாய். உன் அப்பாவுக்குத் தி. நகரில் துணிக்கடை, பேச்சில் மட்டும் திருநெல்வேலி அப்படியே இருந்தது. நீ வாசலில் நின்று "ஏட்டி" என்று கூப்பிட்டால், என் அம்மா தன்னைத்தான் திட்டுகிறார்கள் என்பதுபோல் திரும்பிப் பார்ப்பாள்.

அந்த மழைக்காலம் முடிந்ததும் கார்ப்பரேஷன் ஆள் ஒருவர் ஒரு பாலிதீன் பை நிறையக் குட்டி மீன்களைக் கொண்டுவந்து நம் கிணற்றில் விட்டார். "மருந்து எதுவும் ஊத்தாதீங்க. இதுங்க புழுவத் துன்னுக்கினு இருந்தா கொசு வராது" என்று நம் இருவரிடமும்தான் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவை நம் பொறுப்பு என்று நாமே நினைத்துக்கொண்டோம்.

இரண்டு மாதம் கழித்துக் கிணற்று நீர் நாறியது. வரும் ஞாயிறு ஒரு மக் பிளீச்சிங் பவுடர் போடப்போவதாக மாமா சொன்னார். மீன்கள் என்னாகும் என்று கேட்டோம். இவ்வளவு பெரிய கிணற்றில் ஒரு மக் என்ன செய்துவிடும் என்றார் சிரித்துக்கொண்டே. புத்தகத்தில் படித்ததை எல்லாம் செய்துபார்க்க ஆசைப்படும் எனக்கு அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது.

கயிற்றில் கல் கட்டி இறக்கி ஆழம் பார்த்தோம். கிணற்றுக்கு ஒரு மக் என்றால் ஒரு ஊறுகாய் ஜாடிக்கு எவ்வளவு என்று நான் கணக்குப் போட்டேன். சிட்டிகைக்கும் குறைவாக வந்தது. பவுடரை வாளியில் கரைத்து, அதிலிருந்து கரண்டியால் அளந்து விட்டோம். ஒரு ஜாடியில் முழுப் பங்கு, அடுத்ததில் அரை, அடுத்ததில் கால். நான்காவதில் எதுவும் இல்லை. அதற்கு நீதான் "சும்மா" என்று எழுதிச் சீட்டு ஒட்டினாய். ஜாடிக்கு இரண்டு மீன்.

மறுநாள் காலை எட்டு மீன்களும் செத்துக் கிடந்தன.

நான் அழுதேன். பிறகு, உன்னிடம் இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை, சும்மா ஜாடியை மறைத்துவிட்டு மற்ற மூன்றையும் மாமாவிடம் காட்டலாம் என்றேன். நமக்கு வேண்டிய பதில் அதில் இருந்ததே. நீ ஜாடியை என் கையிலிருந்து பிடுங்கினாய்.

"சும்மா கெடந்ததும் செத்துருக்குல்லா? பொறவு பவுடர்தான் கொன்னுச்சுன்னு எப்பிடிட்டி சொல்லுவ?"

ஜாடிகளை நிரப்பியது நான். துவைக்கவும் துலக்கவும் கிணற்று நீர், குடிப்பதற்குக் குழாய் நீர் என்பது எங்கள் வீட்டு வழக்கம். விருந்தாளிக்குத் தருவதுபோல் மீன்களுக்கும் நல்ல நீராகவே இருக்கட்டும் என்று சமையலறைக் குழாயில் பிடித்திருந்தேன். நீ குனிந்து ஜாடியை முகர்ந்தாய். பவுடரே போடாத நீரில் அதே நெடி, லேசாக. குழாய் நீரில் கார்ப்பரேஷனே குளோரின் கலந்துதான் விடுகிறது. நாம் குடிக்கிற நீரில் அவற்றால் ஓர் இரவுகூட இருக்க முடியவில்லை.

இரண்டாம் முறை கிணற்று நீரையே எடுத்தோம். கால் பங்கில் இருந்தவைகூட நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின, மாலைக்குள் அடங்கிவிட்டன. சும்மா ஜாடியில் இரண்டும் நீந்தின. செத்தவற்றைச் செம்பருத்திச் செடியடியில் புதைத்தபோது நீ எண்ணிக்கொண்டே இருந்தாய். கால் பங்கு ஜாடியைக் கொட்டாமல் வெயிலில் வைக்கச் சொன்னதும் நீதான். மூன்றாம் நாள் நெடி போயிருந்தது. அதில் விட்ட மீன் பிழைத்தது.

மாமாவிடம் நீ, நாம் முதல் முறை தோற்ற கதையிலிருந்து ஆரம்பித்தாய். எனக்குக் கோபம் வந்தது.

"அப்போ உங்க சோதனையே தப்புன்னு சொல்றேளா?" என்றார்.

"மொதத் தடவ தப்பு மாமா. அதான் ரெண்டாந்தடவ செஞ்சோம்."

அவர் சிரிக்கவில்லை. நான்கு ஜாடிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். மீன்களை முதலில் எடுத்துவிடுவது, பவுடர் போட்டுச் சில நாள் விடுவது, இரண்டு மீனை ஜாடியில் விட்டுப் பார்த்த பிறகே மற்றவற்றைக் கிணற்றில் விடுவது என்று அன்றே முடிவானது.

போன கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனாய். அங்கே வந்த காய்ச்சல் உன்னைத் திருப்பி அனுப்பவில்லை. உன் அம்மா வீட்டைக் காலி செய்துகொண்டு போகும்போது அந்தச் சும்மா ஜாடியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இப்போது வகுப்பில் யாராவது இதனால்தான் அது நடந்தது என்று சொன்னால், டீச்சராகவே இருந்தாலும், சும்மா ஜாடி எங்கே என்று மனத்துக்குள் தேடுகிறேன். எனக்குப் பிடித்த பதில் கிடைக்கும்போது இன்னும் கூடுதலாகத் தேடுகிறேன். அதற்குப் பழக நாளானது.

மூன்று நாள் கழித்து மாமா என்னைத்தான் கூப்பிடுவார். பவுடர் போட்ட கிணற்று நீரை ஒரு ஜாடியில் எடுப்பேன். பவுடர் படாத டிரம் நீரை உன் ஜாடியில் எடுப்பேன், அதைத்தான் முதலில் நிரப்புவேன். சீட்டில் உன் எழுத்து கொஞ்சம் மங்கியிருக்கிறது. படிக்க முடிகிறது.