காட்டாமணக்கும் காளியாயியின் மூன்று மாடுகளும்

ஹட்டன்
24.3.1957

அன்பு மகன் சுந்தரலிங்கத்துக்கு அம்மா எழுதுவது,

முதலில் ஒரு பொய்யைத் திருத்திவிடுகிறேன், நலம் விசாரிப்பது அதற்குப் பிறகுதான். உன் தாய் கசிப்புச் சாராயம் காய்ச்சவில்லை. நான் நம் மிளகாய் மில்லுக்குப் பின்னால் பானை வைத்துக் கள்ளச் சாராயம் காய்ச்சுவதாக ஹட்டன் பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டார்கள் என்று கொழும்பிலிருக்கும் உன் அக்கா யோகேஸ்வரி உனக்கு எழுதியிருக்கிறாள். எனக்கும் அதையே எழுதி, குடும்ப மானம் போகிறது என்று கீழே ஒரு கோடும் போட்டிருக்கிறாள். காய்ச்சியது எண்ணெய். காய்ச்சச் சொன்னது நீ. ஆகவே போன மானத்தில் பாதி உன்னுடையது. மதுவரிக்காரர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தது மட்டும் உண்மை. ஆறிப்போன பானைக்குள் விரலை விட்டு நாக்கில் வைக்கப் போனார். பக்கத்தில் நின்ற நம் இஞ்சின்காரர் சோலைமலை, "தாராளமா ருசி பாருங்கய்யா, ஆனா டிக்கோயா ஆஸ்பத்திரியில கட்டில் காலியா இருக்கான்னு மொதல்ல கேட்டுட்டு வந்துருங்க" என்றார். மனிதர் விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போனவர், திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது நலம். எனக்கு வலது முழங்காலைத் தவிர எல்லா உறுப்புகளும் சொன்னபடி கேட்கின்றன. அந்தச் சீமைக் குளிரில் உன் நெஞ்சில் சளி கட்டாமலும், நீ கம்பளிச் சட்டையை மற்றவனுக்கு இரவல் கொடுக்காமலும் இருக்க மாணிக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். நீ டிசம்பரில் எழுதிய கடிதம், காட்டாமணக்கைப் பற்றிய ஒரு புத்தகம், காணியை உன் பேருக்கு எழுதும் ஒரு பத்திரம் மூன்றும் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்த கப்பலில் மாசி பிறப்பதற்குச் சற்று முன்னால்தான் வந்து சேர்ந்தன. தபால் தலையில் மிச்சம் பிடிக்கும் பிள்ளை என்று சந்தோஷப்பட்டேன். சூயஸ் கால்வாயை அடைத்ததில் அங்கே பெட்ரோலுக்குக் கூப்பன் என்றும், உன் பேராசிரியர் சைக்கிளில் வருகிறார் என்றும் எழுதியிருந்தாய். அவருக்கு நல்லதுதான், படத்தில் பார்த்தேன், தொந்தி இருக்கிறது. எண்ணெய்க் கிணறு வைத்திருப்பவன் கையைப் பார்த்து நாம் எத்தனை காலம் நிற்பது, நம் ஊர் வேலியிலேயே எண்ணெய் காய்க்கிறது, காட்டாமணக்கை மனிதனும் தின்ன மாட்டான் மாடும் தின்னாது, ஆகவே யார் வயிற்றிலும் அடிக்காமல் இஞ்சினை ஓட்டலாம் என்ற உன் வாக்கியத்தை இரண்டு முறை வாசித்தேன். அழகான வாக்கியம். மடத்தில் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த சிஸ்டர் பிலோமினா, அழகான வாக்கியத்தைக் கண்டால் கீழே விடையைச் சரி பார் என்பார்கள். அதனால்தான் நீ அனுப்பிய பத்திரத்தில் உடனே கையெழுத்துப் போடாமல், டிக்கோயா மேட்டுக் காணி ஐந்து ஏக்கரையும் அடைத்துக் காட்டாமணக்கு நடுவதற்கு முன்னால், அந்தச் செடி என்ன தருகிறது என்று ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று துணிந்தேன்.

பார்த்ததைச் சொல்கிறேன், சிரிக்காமல் கேள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துத் தோட்டங்களைச் சுற்றி வேலியாக நிற்கிற செடிகளில் காய் பறிக்க ஆள் வேண்டியிருந்தது. காளியாயியிடம் சொன்னேன். அவளை மறந்திருக்க மாட்டாய், நாற்பது வருடம் டிக்கோயாவில் தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்ந்தவள், நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது காட்டாமணக்குப் பாலில் நுரை ஊதக் கற்றுக்கொடுத்து உன் பள்ளிக்கூடச் சட்டை முழுக்கக் கறையாக்கியவள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டு இல்லை என்பதால் லயத்திலிருந்து இன்னும் ஐந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு போனாள். நல்லதாகப் பார்த்துப் பறியுங்கள் என்று நான் சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு சொல்லோடு நிறுத்தியதுதான் என் பிழை. பின்னேரம் ஆறு கூடையும் நிறைய வந்தன. பச்சைப் பசேலென்று பிஞ்சுக் காய், ஒன்றுபோல் ஒன்று, கண்காட்சிக்கு வைக்கலாம். காளியாயி கூடையைச் சாய்த்துக் காட்டி, "முத்தல் ஒண்ணுகூடக் கெடையாதும்மா, கிண்டிப் பாருங்க. கங்காணிகிட்ட நாப்பது வருசம் ஏச்சு வாங்குன கையி, தப்பாப் போகுமா?" என்றாள். காய்ந்து கறுத்தது எல்லாம் எங்கே என்று கேட்டேன். "அந்தக் கழிவையா? வேலிக்கடியில தட்டி விட்டுட்டோமே" என்றாள். எண்ணெய் இருப்பது அந்தக் கழிவில்தான் என்று உன் புத்தகத்தின் பதினான்காம் பக்கத்தில் இருந்தது. நான் பன்னிரண்டாம் பக்கத்தோடு கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தேன். ஆனாலும் பறித்ததை வீணாக்க மனமில்லாமல் இடித்துக் காய்ச்சினோம். வந்தது நுரையும் நாற்றமும். பஸ்ஸில் பேசிக்கொண்டார்களே, அது அந்த நாற்றத்தைத்தான். மறு ஞாயிறு அதே பெண்கள் வேலிக்கடியில் குனிந்து தாங்கள் தட்டிவிட்டதையே பொறுக்கினார்கள். நடுவில் பெய்த மழையில் பாதி முளைத்துவிட்டது. ஆறு பேரும் சிரித்த சிரிப்பு ரோட்டு வரைக்கும் கேட்டது. "முத்தலப் பறிக்கச் சொல்லி ஒரு மொதலாளியம்மா ஏசுறத இப்பத்தான் கேக்குறோம்" என்று ஒருத்தி சொன்னதை நானும் கேட்டேன், கேட்காததுபோல் நின்றேன்.

மேலும் இரண்டு ஞாயிறு பறித்ததில் முற்றிய விதை இரண்டு புசல், ஒரு சாக்கு அளவு, சேர்ந்தது. அதற்கு மேல் தேறவில்லை. வேலிச் செடியை வருடந்தோறும் வெட்டுகிறார்கள், வெட்டிய செடி எங்கே காய்க்கும்? தவிர, உன் புத்தகக்காரர் வெயில் காய்கிற நாட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர். இங்கே பனியும் மூடுபனியுமாக இருக்கிற மலையில் ஒரே கொத்தில் ஒரு காய் கறுத்திருக்கிறது, ஒன்று மஞ்சளாக இருக்கிறது, மூன்று பச்சையாக இருக்கின்றன. ஒரே செடிக்கு நாலு தடவை நடக்க வேண்டும். கொழுந்து கூட இத்தனை தொல்லை தராது என்கிறாள் காளியாயி. பஜார் செக்குக்காரர் இந்த விதையை வாசலுக்குள்ளேயே விடவில்லை. "நாளைக்கு அந்தச் செக்குல தேங்காயெண்ண ஆட்டினா எவன் வாங்குவான்?" என்றார். அவர் சொன்னது நியாயம். ஆகவே விளக்கெண்ணெய் எடுக்கிற விதமாக வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து, மேலே மிதந்ததை வழித்தோம். உரலையும் உலக்கையையும் இனி உணவுக்கு எடுக்கக் கூடாது என்று அவற்றில் சிவப்பு மை பூசி வைத்திருக்கிறேன். ஐந்தரைப் போத்தல் எண்ணெய். அதற்கு எரித்த விறகை அடுக்கிப் பார்த்த சோலைமலை, "இந்த வெறகையே திங்கிற இஞ்சினா இருந்தா ரெண்டு மணி நேரம் ஓடியிருக்கும்மா, சின்ன மொதலாளிக்கு எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன்.

ஆனால் நியாயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். போன செவ்வாய்க்கிழமை மில்லில் மிளகாய், மல்லி ஒன்றையும் உள்ளே வைக்காமல் வெளியே எடுத்து, வாடிக்கைக்காரர்களை மறுநாள் வரச் சொல்லி, இஞ்சினை முதலில் டீசலில் ஓட்டிச் சூடாக்கினோம். காலைக் குளிரில் உன் எண்ணெய் சீனிப் பாணிபோல் இறுகிக் கிடந்தது, அதை வெந்நீரில் வைத்து இளக்கினோம். பிறகு சோலைமலை இரண்டு போத்தல் ஊற்றினார். இஞ்சின் ஒரு தரம் இருமியது, உன் அப்பா சுருட்டுக் குடித்துவிட்டு இருமுவதுபோலவே. அப்புறம் ஓடியது. நாற்பது நிமிடம் ஓடியது சுந்தரம். கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நின்றேன், உட்காரவில்லை. இருபத்திரண்டு வருடம் அந்த இஞ்சினோடு பேசிக்கொண்டிருக்கிற சோலைமலை தொப்பியைக் கழற்றிவிட்டு, "தம்பி சொன்னது பொய்யில்லம்மா" என்றார். மறுநாள் இஞ்சினுக்குள் எண்ணெயைப் பீச்சுகிற நாசில் பிசின் பிடித்து அடைத்துக்கொண்டது, அதைக் கழற்றிக் கழுவ ஒரு பகல் போயிற்று, மில்லுக்கு விடுமுறை. அதனால் வெற்றி என்று எழுத மாட்டேன். தோல்வி என்று எழுதவும் எனக்கு மனம் வரவில்லை. நாற்பது நிமிடத்துக்கு எனக்கு இருந்த பெருமையை நான் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை, நீயும் யோகேஸ்வரிக்கு எழுதிவிடாதே.

இனி உன் கணக்குக்கு வருகிறேன். ஏக்கருக்கு நூற்றைம்பது கேலன் எண்ணெய் என்று எழுதியிருக்கிறாய். பறிக்கிற கைகளை நீ கணக்கில் சேர்க்கவே இல்லை. ஆறு பெண்கள் ஓய்வுநாட்களை விட்டுக்கொடுத்துப் பறித்தது இரண்டு மணி நேரத்துக்குக்கூட இஞ்சினுக்குப் போதாது. அதுவும் போகட்டும், ஆள் பழகினால், செடியை வெட்டாமல் விட்டால், நல்ல செக்கு ஒன்று கிடைத்தால் கூடும் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாவது பிழைதான் பெரிது. மேட்டுக் காணியைத் தரிசு நிலம் என்று எழுதியிருக்கிறாய், பத்திரத்திலும் அப்படித்தான் இருக்கிறது. உன் அப்பா இருந்த காலத்திலேயே அவர் வாயால் சொல்லி, காளியாயியின் மூன்று மாடுகள் அங்கே மேய்கின்றன. அந்தப் பால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தேநீர்க் கடைக்குப் போகிறது, அதில்தான் அவளும் பேரப்பிள்ளைகள் இரண்டும் சாப்பிடுகிறார்கள். மாடு காட்டாமணக்கைத் தின்னாது என்று நீ சந்தோஷமாக எழுதினாய். அதனால்தானே மகனே, உலகமே அதை வேலிக்கு வைக்கிறது? சிங்களத்திலும் அதன் பெயருக்கு வேலியாமணக்கு என்றுதான் பொருள். வேலியை ஐந்து ஏக்கருக்கு நட்டால் மாடு எங்கே நிற்கும்? புல்லை மனிதன் தின்பதில்லை, உண்மை. அது வயிறு வரைக்கும் வந்து சேருகிற வழி உன் புத்தகத்தில் இல்லை.

கடைசி ஞாயிறு விதையைக் கொட்டிவிட்டுக் காளியாயி கேட்டாள், "இம்புட்டு வெதையும் வாங்குறீங்களே, தம்பி இதுகள எங்கம்மா நடப் போறாரு?" என்று. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும். இன்னும் முடிவாகவில்லை என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மேட்டுலயாம்மா?" என்றாள். நான் கொட்டிய விதையைக் கையால் பரப்பத் தொடங்கினேன். அவள், "அப்ப மழைக்கு முன்னாடியே மாட்ட வித்துப்புடுறேன். ஈரத்துல எளச்சுப் போச்சுன்னா வெல போகாது. தம்பிக்கு நல்லது நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கூடையில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு விதையையும் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். தன் மாடுகளை விரட்டுகிற செடிக்கு அவளே நாலு ஞாயிறு விதை பொறுக்கியிருக்கிறாள். அதைப் பொறுக்கச் சொன்னது நான். மாட்டை இப்போது விற்காதே, என் மகன் கடிதம் வரட்டும் என்று மறுநாள் சோலைமலையிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். சித்திரைக் கடைசி வரைக்கும் பொறுக்கிறேன் என்றாளாம்.

ஆகவே உன் பத்திரம் வக்கீல் புரொக்டரிடம் போகவில்லை, என் பெட்டியில் இருக்கிறது. காணி உன் அப்பா உனக்கென்று வைத்ததுதான், பிடித்து வைத்துக்கொள்ள எனக்கு ஆசையில்லை. நான் செய்திருப்பது ஒன்று. மேட்டின் எல்லையைச் சுற்றி, மாடு ரோட்டுக்கு இறங்குகிற பக்கம் உட்பட, நானூறு காட்டாமணக்குக் கம்புகள் நடச் சொல்லியிருக்கிறேன். வேலியும் ஆயிற்று, உன் ஆராய்ச்சியும் ஆயிற்று. இரண்டு வருடத்துக்குக் கத்தி வைக்கக் கூடாது என்று கட்டளை. குளிரில் எத்தனை காய்க்கிறது, எத்தனை தடவை பறிக்க வேண்டும் என்று நானே எழுதி வைப்பேன், நீ புத்தகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. எண்ணெயில் ஒரு போத்தலை அடுத்த மாதம் இங்கிருந்து அங்கே வரும் நமக்கு மருந்து கொடுக்கிற டாக்டரின் மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். குளிரில் இறுகாமலும் நாசிலில் பிசின் பிடிக்காமலும் இருக்க அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று உன் சைக்கிள் பேராசிரியரோடு உட்கார்ந்து கண்டுபிடி. அந்தப் பாதிதான் உன்னுடைய வேலை. போத்தலில் விஷம் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன், உன் அறையில் சமைக்கிற அந்த மன்னார்ப் பையனிடம் மட்டும் கொடுத்துவிடாதே, அவன் அதில் கத்தரிக்காய் பொரித்துவிடுவான்.

வேளைக்குச் சாப்பிடு, சனிக்கிழமை தலை முழுகு, இரவில் ஈரத் தலையோடு படுக்காதே. பிள்ளையாரும் உன் அப்பாவும் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், எடுத்த காரியம் கூடட்டும். ஐந்து ஏக்கரையும் நடத்தான் வேண்டும் என்றால் அந்த மூன்று மாடுகள் எங்கே மேயும் என்றும், நடவில்லை என்றால் அதையும், இந்தத் தடவை விமானத் தபாலில், சித்திரை முடிவதற்குள் எனக்குக் கிடைக்கும்படி எழுது. காளியாயிக்கு வாசிக்கத் தெரியாது. நான் அவள் முன்னால் உரக்க வாசிக்கக்கூடிய கடிதமாக உன் கையாலேயே எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா
நாகலெட்சுமி