தண்ணீர் குடித்த பன்னிரண்டு எலிகள்

அன்புள்ள என் வீட்டு விஞ்ஞானிக்கு,

உங்கள் எலிக்காரி எழுதுவது. நானும் அத்தையும் நலம். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசிவிடுவீர்கள். அதனால்தான் எழுதி, நீங்கள் போயிருக்கும் மாநாட்டுக்கு நாளை கிளம்பும் நம் பேராசிரியர் கையில் கொடுத்தனுப்புகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

போன மாதம் எனக்கு மணிக்கட்டு சுளுக்கியபோது, "வலியோட எதுக்குக் கஷ்டப்படறே, பாதியை நான் பாத்துக்கறேன்" என்று எலி அறைக்கு வந்தீர்களே, நினைவிருக்கிறதா? நம் புது மருந்து கொடுத்த பன்னிரண்டு எலிகளை நான் பிடித்தேன். வெறும் தண்ணீர் கொடுத்த பன்னிரண்டை நீங்கள் பிடித்தீர்கள். வாலில் பட்டை மாட்டி அளந்தோம். மருந்து எலிகளுக்கு இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. இதயத் துடிப்போ இரண்டு கூட்டத்துக்கும் நிமிடத்துக்கு நானூற்றிருபதை ஒட்டியே இருந்தது. துடிப்பை ஏற்றாத மருந்து கிடைத்துவிட்டது என்று துள்ளிக் குதித்தீர்கள். நானும் கூடவே குதித்தேன்.

நேற்று கை சரியாகிவிட்டதால் தண்ணீர் எலிகளையும் நானே பிடித்து அளந்தேன். முந்நூற்றைம்பது! இயந்திரக் கோளாறோ என்று மூன்று முறை பார்த்தேன். அதேதான். மருந்து எலிகள் மட்டும் அதே நானூற்றிருபதில் நிற்கின்றன.

தண்ணீர் எலிகளின் நெஞ்சு அன்று படபடத்தது உங்களைப் பார்த்துத்தான். குட்டியிலிருந்து என் கைதான் அவற்றுக்குப் பழக்கம். உங்கள் அவசரமும் அந்த ஷேவிங் வாசனையும் புதிது. நீங்கள் மிரட்டி ஏற்றியதும் மருந்து ஏற்றியதும் சரிக்குச் சரியாகி, வித்தியாசமே தெரியாமல் போய்விட்டது. மருந்து அழுத்தத்தை இறக்குகிறது. அதை ஈடுகட்ட இதயம் ஓடுகிறது. துடிப்பை ஏற்றும் மற்ற மருந்துகளைப் போலத்தான் நம் மருந்தும்.

தப்பு என்னுடையதும்தான். ஆள் மாறினால் எலி மிரளும் என்பது எனக்குத் தெரியாதா? எனக்காக நீங்கள் வந்து நின்ற சந்தோஷத்தில் வாயைத் திறக்கவில்லை. ஆய்வுக் குறிப்பேட்டில் என் பெயர் போட்டே இதை எழுதிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மேடையில் "துடிப்பு ஏறாது" என்று நீங்கள் சொல்லக் கூடாது. மூன்று வருட உழைப்பு, எனக்கும் தெரியும். ஆனாலும் கூடாது. நடந்ததைச் சொல்லுங்கள், சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். நீங்கள் சொல்லாவிட்டால் மாநாட்டுக்காரர்களுக்கு நானே எழுதி அனுப்புவேன். திரும்பி வந்ததும் இருபத்து நான்கையும் நானே பிடிக்கிறேன். நீங்கள் கதவுக்கு வெளியே உட்கார்ந்து எண்களை மட்டும் எழுதுங்கள்.

அத்தை இன்று காலையும் பிரஷர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "என் பையன் கண்டுபிடிச்சது எப்பம்மா வரும்? அதைப் போட்டா இந்தப் படபடப்பு இருக்காதாமே" என்று கேட்டார். இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க அத்தை என்று சொல்லி, பழைய மாத்திரையையே விழுங்க வைத்தேன். மேடை ஏறும்போது அவர் முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தைரியமாகப் பேசிவிட்டு, நல்லபடியாக வீடு வந்து சேருங்கள்.

உங்கள் கையைக் கண்டு மிரளாத ஒரே ஜீவன்,
எலிக்காரி