தண்ணி கொதிச்சிருச்சு

பாப்பா அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா?

நேற்று இங்கே ஒரு வீட்டில், அலமாரிக்குள் பதித்த ஓவனுக்கு மேலே இண்டக்‌ஷன் அடுப்பு மாட்டினேன். நடுவில் காற்றுக்கு இடம் விடவில்லை. ஓவன் சூடேறியதும் அடுப்பு தானாக அணைந்துவிட்டது. “அதுவும் மூச்சு விட வேணாமாப்பா?” என்று மேஸ்திரி சிரித்தார். திட்டவில்லை, கவலைப்படாதே.

கழற்றி, இடைவெளி விட்டு மாட்டி, சோதித்துப் பார்க்கத் தண்ணீர் வைத்தேன். நம் வீட்டில் தண்ணீர் வைப்பது நான், டீத்தூள் போடுவது நீ. அந்த ஞாபகத்தில், “தண்ணி கொதிச்சிருச்சு, வா” என்று கூப்பிட்டுவிட்டேன்.

“யாருப்பா வரணும்?” என்றார் மேஸ்திரி.

இரண்டு பேருக்குத் தூள் எவ்வளவு போடுவாய் என்று எழுது. நான் பாதியாக்கிக்கொள்கிறேன்.

வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது.

பாப்பா அப்பா